ஒரு டம்ளர் சுவர்

கும்பகோணத்தில் மகன் வீட்டு மாடியில் தியாகேசன் படுத்த படுக்கையாகிப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. கண் திறக்கவில்லை, சோறு இறங்கவில்லை, உயிரும் போகவில்லை. "வீட்டுலயே வச்சிப் பாத்துக்குங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பியதிலிருந்து தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் வந்து அவர் வாயில் பால் ஊற்றிவிட்டுப் போனார்கள். ஒரு பக்கம் ஊற்றிய பால் மறு பக்கம் வழிந்தது. தங்கக் காசை உரசி ஊற்றினார்கள். காசிச் சொம்பை உடைத்து ஊற்றினார்கள். மாமாவுக்குப் பிடிக்குமே என்று மருமகள் மோகனப்பிரியா ஒரு கரண்டி டிகிரி காப்பி விட்டுப் பார்த்தாள். காப்பி மட்டும் உள்ளே போனது. உயிர் வெளியே வருகிற வழியைக் காணோம்.

"எதுமேலயோ ஆசை நிக்குது" என்றார்கள் வந்தவர்கள்.

எதன் மேல் என்று எல்லாருக்கும் தெரியும். குத்தாலத்துக்கு இந்தப் பக்கம், பூவங்கரையில், காவிரிக் கரையை ஒட்டி அவர் வீடு இருக்கிறது. மண் சுவர், நாட்டு ஓடு, தேக்கு மரத் தூண்கள், பின்னால் ஆறு வரைக்கும் கொல்லை. மகன் ராம்கி அதை விலை பேசி முடித்திருந்தான். வாங்குகிறவர் ஜாஃபர் சாதிக், வெளிநாட்டில் இருபது வருஷம் மணலைப் பார்த்துச் சலித்துப்போய், மிச்ச நாளுக்குத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கிடக்கலாம் என்று வந்தவர். ஆனால் வீடு பெரியவர் பேரில் இருந்தது. ஒன்று, அவர் எழுந்து கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் போய்ச் சேர வேண்டும். இரண்டும் செய்யாமல் நட்டநடுவில் கிடந்தார்.

மண்ணாசையில் நிற்கிற உயிருக்கு அந்த மண்ணையே கரைத்து ஊற்றுவது இந்தப் பக்கத்து வழக்கம். ஒரு மடக்கு போதும், போய்விடும். ராம்கி போனை எடுத்தான்.

"சிவசாமிண்ணே" என்றான்.

சிவசாமி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார். நாற்பது வருஷத்தில் ராம்கி அவரை அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அண்ணே, கூடத்துலேருந்து ஒரு பிடி மண்ணு எடுத்துக்கிட்டு அடுத்த பஸ்ஸப் பிடிச்சி வாங்கண்ணே. அப்பாவுக்கு ஊத்தணும்."

சிவசாமி இருப்பது அந்த வீட்டுக் கொல்லையில், சமையல்கட்டுச் சுவரில் சாய்த்துக் கட்டிய மாட்டுக் கொட்டகையில். மாடுகள் விற்றுப்போய் இருபது வருஷம் ஆகிறது. சிவசாமியும் அவர் மனைவி எல்லையம்மாளும்தான் அதில் இருக்கிறார்கள். பேர் மட்டும் மாட்டுக் கொட்டகை என்றே நின்றுவிட்டது. அவருடைய அப்பா அந்தப் பண்ணையில் ஆள். அவரும் ஆள். கொட்டகை நிற்கிற மூன்று குழி இடத்தை எழுதித் தருகிறேன் என்று தியாகேசன் முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று குழி என்பது பெரிய இடமில்லை. இரண்டு பேர் காலை நீட்டிப் படுத்து, ஒரு அடுப்பு வைத்து, ஒரு முருங்கை நட்டால் தீர்ந்துபோகும். எழுதாமலே இப்போது அவர் போய்விட்டால் மொத்தக் கொல்லையும் சாதிக் பாய்க்குப் போகும். கொட்டகையைக் காலி பண்ணச் சொல்லி ராம்கி ஏற்கெனவே சொல்லிவிட்டான். அப்போது அண்ணே இல்லை, ஏய்தான்.

"மண்ணக் கரைச்சி ஊத்துனா போயிடுவாருல்ல?" என்றாள் எல்லையம்மாள்.

"போயிடுவாரு."

"அப்ப நம்ம மூணு குழி?"

சிவசாமி களைக்கொத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். தரை சிவப்பு சிமெண்டு. மண் இருப்பது சுவரில்தான். சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு உள்ளேயிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தாளில் மடித்தார். ராம்கி கேட்டது ஒரு பிடி. ஒரு பிடிக்கு முழு உயிர் போகும் என்றால் ஒரு சிட்டிகைக்குக் கொஞ்சம்தானே போகும், மிச்சமிருக்கிற உயிரில் ஒரு கைரேகையாவது வாங்கலாமே என்று அவருக்கு ஓடியது.

கும்பகோணத்தில் வாசலில் பந்தல்காரர் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தார். மாடியில் ஒரே சனம். மோகனப்பிரியா மண்ணை டம்ளரில் கரைத்தாள். ராம்கி அப்பாவின் தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் விட்டான். மூலையில் இருந்த பெண்கள் அழத் தயாராக முந்தானையை எடுத்தார்கள்.

தியாகேசன் முழுங்கினார். நாக்கைச் சப்புக்கொட்டினார். கண்ணைத் திறந்தார்.

"கூடத்து வடக்குச் செவரு" என்றார். அப்புறம் ஆளைத் தேடிக் கண்டுபிடித்து, "டேய் சிவசாமி, சுண்ணாம்பு ஜாஸ்தியா இருக்குடா. அடுத்த வாட்டி நல்லா உள்ள தள்ளி எடு" என்றார்.

பந்தல்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

ராம்கி சிவசாமியை மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனான். "எவ்வளவு கொண்டாந்தீங்க?"

"ஒரு சிட்டிகைங்க தம்பி."

"அதான் பாத்தேன்! அளவு பத்தல. அரைகொறையா ஊத்துனா இப்படித்தான் ஆவும். நாளைக்குக் கை நெறைய கொண்டாங்க."

கை நிறையக் கொண்டுபோனார். அதைக் குடித்ததும் பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். இன்னும் பத்தவில்லை என்று ராம்கி சொன்னான். டிபன் பாக்ஸில் கொண்டுபோனார். பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மஞ்சள் பை நிறையக் கொண்டுபோனார். பெரியவர் மாடியிலிருந்து தானாக இறங்கித் தெருமுனைக் கடையில் போய் வெற்றிலை வாங்கிக்கொண்டு வந்தார். ராம்கி அளவைக் கூட்டக் கூட்ட அவர் தேறிக்கொண்டே வந்தார். ஆடி முடிவதற்குள் கன்னத்தில் சதை வைத்துவிட்டது. டாக்டர் வந்து நாடி பார்த்துவிட்டு, "என்ன குடுக்கறீங்களோ அதையே குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மண்ணில்தான் ஏதோ கோளாறு என்று ராம்கி சந்தேகப்பட்டான். ஆனால் டாக்டரிடம் இருக்கும் கம்பவுண்டர் அதே மண்ணில் ஒரு துளி வாங்கிப் போய், ரொம்ப நாளாக இழுத்துக்கொண்டிருந்த தன் மாமியாருக்குக் கரைத்து ஊற்றினார். அந்த அம்மாள் அன்று சாயங்காலமே சிரித்த முகமாகப் போய்ச் சேர்ந்தாள். ஆகவே மண்ணில் குறை இல்லை.

ஆவணியில் காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர் என்று ஆயிற்று. புரட்டாசியில் சோற்றிலும் பிசைந்துகொள்ளத் தொடங்கினார். மோகனப்பிரியா மாவுச் சல்லடையில் சலித்து, நல்லெண்ணெய் விட்டுக் கொடுத்தாள். மிக்ஸியில் அடிக்கப் போய் ஒரு மிக்ஸி போய்விட்டது.

சிவசாமிக்கு இப்போது ஒரே வேலை. காலையில் களைக்கொத்தால் சுவரைச் சுரண்டுவது, உரச்சாக்கில் அள்ளுவது, பஸ் ஏறுவது. வயல் வேலைக்குப் போக முடியவில்லை. குனிந்து நடவு நட்ட முதுகு இப்போது நிமிர்ந்து சுவர் சுரண்டிச் சுரண்டி வேறு பக்கமாக வலித்தது. திருவிடைமருதூர் தாண்டுவதற்குள் கண்டக்டர் வந்து சாக்கைக் காலால் தட்டுவார்.

"என்ன பெரியவரே சாக்குல?"

"வீடுங்க."

"இன்னைக்கு எந்த எடம்?"

"சாமி ரூமுங்க."

"லக்கேஜ் போட்டுரவா?"

"போன வாரம் கூடத்துக்குப் போடலிங்களே."

"கூடம் சின்னச் சாக்கா வந்துச்சி. சாமி ரூம் இப்படிக் கனக்குதே."

பெரியவரை ஏமாற்ற முடியவில்லை. ஒரு நாள் முதுகு தாங்காமல், ஆற்றுப் படுகையிலிருந்து வண்டலை அள்ளிக்கொண்டு போனார் சிவசாமி. ஒரு வாய் குடித்துவிட்டுத் தியாகேசன் துப்பினார். "ஏண்டா, ஊரான் வயலுக்குப் போற வண்டலைக் கொண்டாந்து எனக்கு ஊத்துறியா? உடம்பு வணங்கலன்னா சொல்லு, வேற ஆளு பாத்துக்கறேன்." அன்றைக்கே சிவசாமி திரும்பி ஓடிப்போய் வாசல் நடை மண்ணைக் கொண்டுவந்தார். நடை மண் கொஞ்சம் உறைப்பு, சாமி ரூம் மண் குடித்தால் தூக்கம் நன்றாக வருகிறது, ராம்கி பிறந்த ரூம் மண் மட்டும் ஏனோ வாயுவாக இருக்கிறது என்று பெரியவர் சொல்வார்.

போகும்போதெல்லாம் சிவசாமி தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். "ஐயா, அந்த மூணு குழி..."

"ஆகட்டும்டா. மொதல்ல நெல்லு போட்டு வச்ச அறையக் கொண்டா."

ராம்கியும் தன் பங்குக்குக் கேட்டுப் பார்த்தான். "அப்பா, இப்பதான் நல்லா இருக்கீங்களே. பாய் காத்துக்கிட்டிருக்காரு. ஒரு கையெழுத்துப் போட்டுருங்கப்பா."

"வீடு நிக்கிற வரைக்கும் விக்க மாட்டேன்" என்றார் தியாகேசன்.

ராம்கி அதை இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் ஒரு மினி வேனைப் பிடித்துப் பூவங்கரைக்கு அனுப்பினான். வேனில் இருபது காலிச் சாக்கு, ஒரு கடப்பாரை. பின்னாலேயே போன் வந்தது. "அண்ணே, சீக்கிரம் அந்த வீட்டைக் காலி பண்ணுங்கண்ணே. அவரு நல்லாச் சாப்பிடட்டும்."

ஐப்பசி மழை வருவதற்குள் முன் பக்கம் முழுக்கப் போய்விட்டது. தூண்களும் அதற்கு மேல் ஓடும் அப்படியே நின்றன. நடுவில் சுவர்தான் இல்லை. வாசல்கால் மட்டும் பூட்டிய கதவோடு தனியே நின்றது. சிவசாமி தினமும் சாவி போட்டுத் திறந்துதான் உள்ளே போவார், வெளியே வந்தால் பூட்டிவிடுவார். பக்கத்தால் நுழைந்து போகலாம்தான், ஆனால் அது வேறொருவர் வீடு. தபால்காரரும் கதவைத் தட்டிவிட்டு, சிவசாமி கூடத்தில் சாக்குக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே, அவர் வந்து திறக்கும் வரை நின்றார்.

சாதிக் பாய் மாதம் ஒரு தடவை மோட்டார் சைக்கிளில் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போவார். ஆடியில் வந்தபோது கூடத்தில் ஒரு குழியைப் பார்த்தார், எலி என்று நினைத்தார். ஆவணியில் வந்தவர் நின்று நிதானித்தார்.

"அண்ணே, போன தடவ இங்க ஒரு செவரு இருந்துச்சில்ல?"

"இருந்துச்சிங்க பாய்."

"எங்க?"

"பெரியய்யா குடிச்சிட்டாருங்க."

ஏதோ அவர்கள் வீட்டுச் சடங்கு போலிருக்கிறது, தோண்டித் துருவிக் கேட்பது மரியாதையில்லை என்று அவர் விட்டுவிட்டார். மார்கழியில் வந்தவர் தெருவில் வண்டியை நிறுத்தியவுடனே அசந்துபோய் நின்றார். தெருவிலிருந்து பார்த்தால் வீட்டுக்குள்ளே புகுந்து, கொல்லையைத் தாண்டி, காவிரி பளபளவென்று தெரிந்தது.

"மாஷா அல்லாஹ், காத்து எப்படி வருது பாருங்க! நானே இடிச்சிட்டுத்தான் கட்டணும்னு இருந்தேன். இடிக்கிற கூலி மிச்சம்." சொல்லிக்கொண்டே உள்ளே நடந்து கடைசிக்கு வந்தார். அங்கே ஒரே ஒரு சுவர் நின்றது. சமையல்கட்டின் பின்சுவர். அதன் அந்தப் பக்கத்தில் எல்லையம்மாள் அடுப்பு ஊதும் சத்தம் கேட்டது. பாயின் குரல் இறங்கிவிட்டது. "அண்ணே, நீங்க எங்க போகப் போறீங்க?"

"தெரியலிங்க பாய்."

"ராம்கி காலி எடமாத் தர்றேன்னு சொல்லித்தான் பேசுனாரு. எனக்கு உங்களப் போகச் சொல்ல வாயி வரல. இருக்கச் சொல்லவும் முடியல. வீட்டுல எல்லாரும் கேப்பாங்க." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

பொங்கல் கழிந்து நாலாம் நாள் அந்தக் கடைசிச் சுவருக்குக் கேள்வி வந்தது. கொட்டகையின் கூரை முழுவதும் அந்தச் சுவர் மேல்தான் உட்கார்ந்திருந்தது. மற்ற மூன்று பக்கமும் தென்னங்கீற்று. சுவர் போனால் கூரை எல்லையம்மாள் தலையில்.

"அந்தச் செவருதான் எல்லாத்துலயும் ருசியா இருக்கும்டா. அறுபது வருஷத்துப் பொகையும் தாளிப்பும் ஏறின செவரு. நான் கடைசிக்குன்னு வச்சிருந்தேன்" என்று பெரியவர் போனில் எச்சில் ஊறச் சொன்னார்.

சிவசாமி களைக்கொத்தை எடுத்துக்கொண்டு சுவர் முன்னால் போய் நின்றார்.  களைக்கொத்தைக் கூரையில் செருகிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார்.

"என்னய்யா, போவலயா?" என்றாள் எல்லையம்மாள்.

"போவல."

"போன் வந்தா?"

"நீ எடுக்காத."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் போயிற்று. இரண்டாம் நாள் வந்த செய்தியை எல்லையம்மாள் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அப்பா படுத்துவிட்டார், கண் சொருகுகிறது என்று இருந்தது. சிவசாமிக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மனிதர் கையால் ஒரு உதவி கண்டதில்லை, ஆனாலும் ஒரு உயிரைத் தன் முதுகால் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது. மூன்றாம் நாள் காலையில் கார் வந்து நின்றது. ராம்கியும் டிரைவரும் பெரியவரை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். வாசல்கதவு பூட்டியிருந்ததால் கொஞ்ச நேரம் வெளியே நின்றார்கள். பிறகு ராம்கிக்குச் சட்டென்று உறைத்து, பக்கத்தால் புகுந்து வந்தார்கள்.

சிவசாமி கொட்டகைக்குள் போய்ச் சுவரில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். அந்தப் பக்கம் நாற்காலி வந்து இறங்கியது. நடுவில் ஒன்றரை முழம் சுவர்.

"டேய் சிவசாமி." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "மூணு நாளா பட்டினிடா."

"தெரியுங்கய்யா."

"என் செவருடா இது."

"என் கூரைங்கய்யா இது மேல நிக்கிறது."

"கூரைக்கு ஒரு மூங்கிலக் குடுத்து நிறுத்திக்கயேண்டா."

"எங்கங்க நிறுத்துறது? நாளைக்கு எடமே பாய்க்குப் போயிரும்."

ராம்கி கத்தினான். "ஏய், என்ன வழக்காடுற? கடப்பாரையால நாலு போடு போட்டா ஆச்சு!"

"போடுங்க தம்பி" என்றது எல்லையம்மாளின் குரல். "செவரோட சேந்து நாங்களும் உங்கப்பாரு வாயிலதான் விழுவோம். கரைச்சி ஊத்திக்கிங்க."

 சிவசாமி நெஞ்சில் இருந்தது அப்போதுதான் வாய்க்கு வந்தது. சத்தம் போடவில்லை, சுவரிடம் சொல்வது போலச் சொன்னார். "ஐயா, இந்த வீட்டுக்கு எங்க மண்ணு வெட்டுனாங்க? இதோ, இந்தக் கொட்டா நிக்கிற எடத்துலதான். எங்கப்பன் வெட்டுன பள்ளம். ஐப்பசி பொறந்தா இன்னமும் முட்டியளவு தண்ணி நிக்குது. அந்தப் பள்ளத்துலதான் நாங்க படுத்துக் கெடக்கோம். ஆறு மாசமா நீங்க குடிச்சது முச்சூடும் எங்க பள்ளத்து மண்ணு."

அந்தப் பக்கம் நாற்காலி சுவரை ஒட்டி நகர்ந்தது. சுவரை விரலால் சுரண்டும் ஒலி கேட்டது. அப்புறம் சப்புக்கொட்டும் ஒலி.

"அதான் இவ்வளவு தித்திப்பா இருக்கு" என்றார் தியாகேசன்.

"எழுதிக் குடுங்க. செவரைத் தர்றேன்."

"ராம்கி, காரை எடு. ஆபீஸ் தெறந்திருக்கும்."

பதிவு அலுவலகத்தில் கூட்டம் இல்லை. வாசலில் பத்திரம் எழுதுகிறவர் இரண்டு பத்திரம் எழுதினார். வீடுதான் இனி நிற்கப் போவதில்லையே என்பதால், ராம்கி போன் போட்டு வரவழைத்த சாதிக் பாய்க்குக் கொல்லையோடு மனை விற்பனை. அதில் மூன்று குழி நீக்கி, அது சிவசாமிக்குத் தானம். காரில் வரும்போதே ராம்கி அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். எதுக்குத் தர்றீங்கன்னு கேட்டா, இத்தனை வருஷம் ஒழைச்சதுக்கு அன்பாலன்னு சொல்லுங்கப்பா. காலையில என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டா இட்லின்னு சொல்லுங்க.

பாய்க்கு எழுதியது சுலபமாக முடிந்தது. அவர் பத்திரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்து ஓரமாக நின்றார். அடுத்தது சிவசாமி. அதிகாரியம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"பெரியவரே, இவரு உங்களுக்கு என்ன ஒறவு?"

"ஒறவு இல்ல."

"அப்பறம் எதுக்குத் தானம் குடுக்கறீங்க? யாராச்சும் மெரட்டுனாங்களா?"

ராம்கி வாயசைத்தான். அன்பு, அன்பு. மூன்று நாள் பட்டினியில் பெரியவருக்கு அது புரியவில்லை.

"தானமா? நான் எதுக்கு இவனுக்குத் தானம் குடுக்கறேன்? இவன்கிட்ட ஒரு செவரு இருக்கு. எழுதிக் குடுத்தாத்தான் தருவேங்கிறான்."

"செவர வாங்கி என்ன பண்ணப் போறீங்க?"

"குடிப்பேன்."

 சிவசாமி மேசையோரத்தைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷம் சாக்குச் சொன்ன மனிதர், எழுத வந்த இடத்தில் எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்துவிட்டார். அதிகாரியம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். பெரியவரைப் பார்த்தார். பத்திரத்தை எடுத்துத் திருப்பித் தள்ளினார்.

"இது செல்லாது."

"மேடம், அவருக்கு வயசாயிடுச்சி, கொஞ்சம்..." என்று ராம்கி எழுந்தான்.

"நீங்க உக்காருங்க. அவரு தெளிவாத்தான் சொல்றாரு. தப்பா எழுதிக் கொண்டாந்தது நீங்க. ஒண்ணக் குடுத்து ஒண்ண வாங்குனா அது தானம் இல்ல, பரிவர்த்தனை. மாத்தி எழுதிக்கிட்டு வாங்க. செவரோட நீளம், அகலம், ஒயரம் எல்லாம் போடணும். அளவு இல்லாம எடுத்துக்கிட்டு வராதீங்க."

வெளியே புங்கமரத்தடியில் ராம்கி தலையில் அடித்துக்கொண்டான். "அப்பா, செவரே நம்மளுதுப்பா! நம்ம செவர நமக்கே குடுத்துட்டு நம்ம எடத்த வாங்கறான்ப்பா!"

"பேசாம இருடா. பசிக்குது."

பத்திரம் எழுதுகிறவர் பேனாவை உதறிக்கொண்டார். பதினொரு முழ நீளம், ஒன்றரை முழக் கனம், ஆள் உயரம் உள்ள மண் சுவர் ஒன்று, சொந்த உபயோகத்துக்கு. அதற்குப் பதிலாக மனை மூன்று குழி. கூரை மேற்படிச் சுவரைச் சேர்ந்தது அல்ல. இந்தக் கடைசி வரியைப் போடச் சொன்னது எல்லையம்மாள். போடாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். சாட்சிக் கையெழுத்து சாதிக் பாய் போட்டார்.

அன்று சாயங்காலமே சிவசாமி கூரைக்கு நாலு மூங்கில் முட்டுக் கொடுத்துவிட்டுச் சுவரை வெட்டி எடுத்தார். கொடுத்த வாக்குப்படி ஒரு பிடிகூட மிச்சம் வைக்கவில்லை. பெருக்கி அள்ளிச் சாக்கில் போட்டுக் காரில் ஏற்றினார். கார் போகும்போது பின்சீட்டில் பெரியவர் சாக்கின் வாயை அவிழ்ப்பது தெரிந்தது. பாத்திரத்தையும் பாயையும் தரையிலேயே வைத்துவிட்டு எல்லையம்மாள் திறந்த பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பத்திரம் இருக்கு, செவரு இல்ல" என்றாள்.

"கட்டிக்கலாம்."

அதற்குப் பங்குனி ஆயிற்று. காவிரியில் தண்ணீர் வற்றி மணல் தெரிந்தது. பாயின் ஆட்கள் முன்பக்கத்தில் ஓட்டைப் பிரித்துக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். சிவசாமி தன் மூன்று குழியில் ஒரு மூலையை வெட்டி, அடிபம்புத் தண்ணீர் விட்டு, இரண்டு நாள் ஊறப்போட்டு, மூன்றாம் நாள் இறங்கி மிதித்துக்கொண்டிருந்தார். எல்லையம்மாள் கரையில் நின்று வைக்கோலை நறுக்கிப் போட்டாள். ஊறிய மண்ணின் மணம் தெரு வரைக்கும் அடித்தது.

கார் வந்து நின்றது. பெரியவர் இறங்கினார். ஆள் பாதியாகியிருந்தார். கையில் டம்ளர் இருந்தது. சாக்குகள் தீர்ந்துபோய்ப் பத்து நாள் ஆகிறது என்று ராம்கி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டே சொன்னான். அவன் முகத்தில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. தியாகேசன் பள்ளத்தின் ஓரம் வரைக்கும் வந்து நின்றார். எல்லைக் கல்லைத் தாண்டவில்லை.

"டேய் சிவசாமி, ஒரு பிடி."

சிவசாமியின் கை பழக்கத்தில் தானாக மண்ணுக்குப் போனது. எல்லையம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, இது பத்திரத்துல எங்க பக்கம் எழுதியிருக்கு."

"தெரியும் எல்லையம்மா. அதான் எடுக்காம கேட்டுக்கிட்டு நிக்கிறேன்."

"சும்மா எப்படித் தர்றது?" அவள் பெரியவரை மேலும் கீழும் பார்த்தாள். "எறங்கி மிதிங்க. மண்ணு பதம் வர்ற வரைக்கும் மிதிச்சா ஒரு பிடி கூலி."

"ஏய்!" என்று ராம்கி ஓடிவந்தான். கம்பி கட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

தியாகேசன் டம்ளரை மகன் கையில் கொடுத்தார். செருப்பைக் கழற்றினார். வேட்டியைத் தூக்கித் தார்ப்பாய்ச்சிக் கட்டினார். எண்பத்துநாலு வருஷத்தில் மண் படாத வெள்ளைக் கால் இரண்டும் தெரிந்தன. ஒரு காலை வைத்தார், கணுக்கால் வரை போனது. மறு காலை வைத்தார், கெண்டைக்கால் வரை போனது. விழாமல் இருக்கக் கையை நீட்டினார். சிவசாமி தன் தோளைக் கொடுத்தார்.

"நடுவுல வேணாங்கய்யா" என்றார். "ஓரமா மிதிங்க. அங்கதான் கட்டி கட்டியாக் கெடக்கு."

பெரியவர் ஓரமாக மிதிக்கத் தொடங்கினார். எல்லையம்மாள் ஒரு கை வைக்கோலை அவர் காலடியில் போட்டாள்.